எல்லோரும் ஒத்துக்கொண்ட சொல்

இந்த ஆண்டு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பள்ளிகளில் புதிதாக ஆசிரியர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: பள்ளியின் அடிப்படை விழுமியங்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். நான் ஓய்வு பெற்று, போர்ட் பிளேர் மரைன் ஹில்லில் மகள் வீட்டில் உட்கார்ந்து, துறைமுகத்துக்கு வருகிற கப்பலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பவள். இன்னும் அந்தச் சொல்லைக் கண்டு ஒதுங்குகிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

பாடக்குறிப்பு எழுதுவது, பதிவேடு பராமரிப்பது, சுற்றறிக்கைக்குப் பதில் போடுவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் எனக்கு உங்களைவிடப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நான் ஒரு சொல்லைப் பற்றியும், அதை வைத்து நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

முதன்முதலாக நான் தலைமை ஆசிரியை ஆனது கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில். அங்கே பிள்ளைகளில் பாதிப் பேர் முன்னாள் ராணுவத்தினர் வீட்டுப் பேரன் பேத்திகள். காலையில் மணி அடித்தால் மைதானத்தில் காக்கை கத்துவது மட்டும்தான் கேட்கும். வரிசை நூல் பிடித்தது போல் நிற்கும். இதெல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேலையை அவர்கள் வீட்டில் தாத்தாக்கள் முடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது அங்கிருந்து மாறுதலாகி லிட்டில் அந்தமானுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

லிட்டில் அந்தமானில் எனக்குக் கிடைத்த பள்ளி, துறைமுக ஊரான ஹட் பேயிலிருந்து பேருந்தில் போகிற தூரத்தில் இருந்தது. ஊரின் பெயர் வேண்டாம். வங்காளிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், மலையாளிப் பிள்ளைகள், இந்தி பேசுகிற பிள்ளைகள், அப்புறம் நம் தமிழ்ப் பிள்ளைகள். தமிழர்களில் என்னைப் போல மெயின்லேண்டிலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர்கள் ஒரு சிலர். மற்றவர்கள் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, இங்கே தோட்ட வேலையில் குடியமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகள். மதியம் சாப்பிடும்போது பார்க்க வேண்டும். ஒரு மரத்தடிக்கு ஒரு மொழி. ஒரே சுற்றுச்சுவருக்குள் ஐந்து பள்ளிக்கூடம் நடந்தது. கபடியில் தொடங்கும் சண்டை அப்பன் ஆத்தாள் வரைக்கும் போய், சாயங்காலம் அந்த அப்பன் ஆத்தாளே என் அறைக்கு வந்துவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் நான் தூங்கினேனா என்று எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பெற்றோரையும் ஆசிரியரையும் கூட்டி, பள்ளிக்கென்று ஐந்து விழுமியங்களைத் தேர்ந்தெடுத்து, முன்சுவரில் எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். எனக்கு இது தெய்வமாகப் பார்த்து அனுப்பியது போல இருந்தது. கூட்டம் போட்டேன்.

முதல் நான்கு சொல்லுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. தூய்மை என்றதும் ஒருவர் எழுந்து முதலில் கழிப்பறைக்குத் தண்ணீர் விடுங்கள் என்றார். உண்மை என்றதும் இன்னொருவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார், அதிலிருந்து ஒரு பழைய வேலித் தகராறு கிளம்பியது. எல்லாருக்கும் பொதுவான இந்தியில்தான் பேசினோம். ஆனால் கோபம் வந்தால் அவரவர் மொழிக்குப் போய்விடுவார்கள். எப்படியோ நான்கு தேறியது. ஐந்தாவதற்கு எனக்குத் தெம்பில்லை. களைத்துப்போய், "மரியாதை, இந்தியில் மர்யாதா, வைத்துக்கொள்வோமா?" என்றேன்.

கூட்டம் அப்படியே மலர்ந்துவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ராவ் தெலுங்குக்காரர். எங்கள் மொழியிலும் மர்யாதாதான் என்றார். மலையாளி எழுத்தர் எங்களுக்கும் மர்யாத உண்டு என்றார். வங்காளித் தாய்மார்கள் தங்களுக்குள் மொர்ஜாதா, மொர்ஜாதா என்று சொல்லித் தலையாட்டினார்கள். உடற்பயிற்சி ஆசிரியர், எல்லாரும் பி.டி. சார் என்போம், இந்திக்காரர். முதல் ஆளாகக் கையைத் தூக்கியது அவர்தான். ஐந்து மொழிக்காரர்கள் ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் கை தூக்கியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாட்டையே ஒன்றாக்கிவிட்டவள் போல அன்று வீட்டுக்குப் போனேன். மூன்று நிமிடத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட அந்தச் சொல்லைத்தான் பெயிண்டர் மற்ற நான்கைவிடப் பெரிய எழுத்தில் எழுதினார்.

மூன்று நிமிடத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் அங்கே யாரும் எதையும் பேசவில்லை என்று அர்த்தம். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் பள்ளி அமைதியானது. பி.டி. சார் மைதானத்தில் குரலை உயர்த்தாமல், சுவரைக் கையால் காட்டி, "மர்யாதா மே ரஹோ" என்பார். எல்லைக்குள் இரு என்று பொருள். பிள்ளை பின்வாங்கிவிடும். நானும் அதையே செய்தேன். தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில் சொல்வேன், மற்றவர்களிடம் இந்தியில். ராவ் ஒரு நாள் என் அறை வாசலில் நின்று, சுவரில் மர்யாதா என்று எழுதியிருக்கிறீர்கள், வருகிறவனுக்கு ஒரு நாற்காலி காட்டுவதில்லை என்று சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். நானும் சிரித்துவிட்டு நாற்காலி போட்டேன். அவர் எனக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பள்ளி அமைதியாக இருந்தது, அது போதும் என்றிருந்தேன்.

அந்த நாள் மழைக்காலத்தின் நடுவில் வந்தது. காலையிலேயே காற்று சரியில்லை. போர்ட் பிளேர் கப்பல் ரத்து என்று செய்தி வந்தது. பதினோரு மணிக்குப் பள்ளியை விட்டுவிடச் சொல்லி உத்தரவும் வந்தது. இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளி விடுவதற்குப் பெயர் 'சுட்டி', தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். சுட்டி என்று காதில் விழுந்ததும் ஒரே இரைச்சல். பக்கத்தில் இருப்பவர்கள் நடந்து போய்விடுவார்கள். தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகள் பேருந்தில் போக வேண்டும். சாலையில் ஒரு சிறு பாலத்தின் மேல் தண்ணீர் ஏறினால் பேருந்து போகாது. ஆகவே ஒரே ஒரு நடைதான் கிடைக்கும் என்று ராவ் சொல்லியிருந்தார்.

பி.டி. சாரைப் பதிவேட்டோடு பேருந்து வரிசைக்கு அனுப்பிவிட்டு நான் என் அறையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிலைமை மோசமானால் பள்ளியில் ஊர்க்காரர்களைத் தங்கவைக்க முடியுமா என்று மேலதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை அறை ஒழுகாது, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, சமையல் செய்ய இடம் உண்டா. இணைப்பு மூன்று முறை அறுந்து நான்காவது முறை கிடைத்திருந்தது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பவித்ரா உள்ளே வந்தாள்.

பவித்ரா எட்டாம் வகுப்பு. தோட்டத்துத் தமிழ்க் குடும்பம், அப்பா முருகையா கிடைத்த கூலி வேலை செய்பவர். அதிகம் பேசாத பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

நான் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்: "பெரியவங்க பேசிட்டிருக்கும்போது இப்படித்தான் நடுவுல வருவாங்களா? சுவத்துல என்ன எழுதியிருக்கு? மரியாதை. வெளில நில்லு."

அவள் போய்விட்டாள். அதிகாரியிடம் எழுபது பேருக்கு இடம் உண்டு என்று சொல்லி முடித்தேன். அந்த அழைப்பு அவசியமானது, அதை எடுத்ததற்காக நான் இன்றைக்கும் வருந்தவில்லை. வெளியே வந்தபோது பேருந்து கிளம்பத் தயாராக இருந்தது. ராவ் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தினார். பி.டி. சார் எல்லாப் பெயருக்கும் டிக் அடித்துவிட்டதாகச் சொன்னார். நான் படிக்கட்டில் நின்று இன்னொரு முறை பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பவித்ரா மறுபடியும் பக்கத்தில் வந்து, "மேடம்," என்றாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி, "ஒரு தடவ சொன்னா புரியாதா? மரியாதையா போய் வராந்தாவுல உக்காரு, அப்பா வருவாங்க," என்றேன்.

பேருந்து போனது. மழை கொட்டத் தொடங்கியது. பெற்றோர் வந்து கூட்டிப்போக வேண்டிய பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள் வராந்தாவில் இருந்தார்கள். தொலைபேசி செத்துப்போயிருந்தது. எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்ற நிம்மதியில் நான் தேநீர் வைக்கச் சொன்னேன். அந்தத் தேநீரை நினைத்தால் இன்னும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

முக்கால் மணி நேரத்தில் பேருந்து திரும்பி வந்தது. அது வரக் கூடாத பேருந்து. படியிலிருந்து ஒரு பெண் குதித்து மழையில் ஓடி வந்தார். நான்காம் வகுப்பு சுமனின் அம்மா, வங்காளிக் குடும்பம். பின்னாலேயே ராவ். நான் தேநீரை வைத்துவிட்டு எழுந்தேன். சுமன் பேருந்திலிருந்து இறங்கவில்லை என்றார். பேருந்தில் ஏறவே இல்லை என்று கூட வந்த பிள்ளைகள் சொல்கிறார்கள் என்றார்.

பதிவேட்டில் சுமன் பெயருக்கு நேரே டிக் இருந்தது. பி.டி. சார் அதையே வெறித்துப் பார்த்தார். பையன் வரிசையில் நின்றான், நான்தானே டிக் அடித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வகுப்பறைகளையும் கழிப்பறையையும் தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கத்தையும் பார்த்தோம். அந்த அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே என் பின்னால் வந்தார். நான் வராந்தாவுக்கு வந்து, "யாராவது சுமனப் பாத்தீங்களா?" என்று முதலில் தமிழிலும், பிறகு நினைவு வந்து இந்தியிலும் கேட்டேன்.

பவித்ரா எழுந்து நின்றாள்.

"நாலா பக்கம் போனான் மேடம்."

நாலா என்றால் இங்கே ஓடை. அந்த ஓடை சாதாரண ஓடை இல்லை. கடல் தண்ணீர் ஏறி இறங்குவது, கரையில் அலையாத்திக் காடு. முதலை ஜாக்கிரதை என்று பலகை வைத்திருக்கும். அதன் மேல் இரண்டு பலகை போட்ட நடைப்பாலம் ஒன்று உண்டு. அதைக் கடந்து பழைய எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள் புகுந்தால் சுமனின் குடியிருப்புக்குக் குறுக்கு வழி. நல்ல வெயில் நாளிலேயே பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது விதி.

"எப்போ போனான்?"

"பஸ்ல ஏத்துறதுக்கு முன்னாடி."

நான் கத்தினேன். அத்தனை பிள்ளைகள் முன்னால், அந்தத் தாயின் முன்னால் கத்தினேன். "ஏன் சொல்லல?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டு தடவ வந்தேன் மேடம்."

பி.டி. சாரிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நடந்தது இது. சுமன் ஜன்னலோர இருக்கைக்காக வரிசையில் முன்னால் நுழைந்திருக்கிறான். சார் அவன் சட்டைக் காலரைப் பிடித்து, மர்யாதா மே ரஹோ என்று எல்லார் முன்னாலும் கடைசிக்கு இழுத்துப் போய் நிறுத்தியிருக்கிறார். பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அவனுக்கு ஒன்பது வயது. இந்தப் பேருந்தில் போவதில்லை என்று முடிவு செய்து, சார் முகத்தைத் திருப்பியதும் சுவரோரமாகப் போய்விட்டான். யாரிடமிருந்து அவன் தப்பித்துப் போனானோ அவரிடமே போய்க் காட்டிக் கொடுக்க பவித்ராவுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் யோசித்துச் சரியான இடத்துக்குத்தான் அந்தப் பெண் வந்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் முருகையா மகளைக் கூட்டிப்போக நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும், பழைய தோட்டத்து வழியெல்லாம் எனக்குத் தெரியும் மேடம் என்று அப்படியே திரும்பினார். ராவ் பேருந்திலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டார். பி.டி. சார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னால் ஓடினார். சுமனின் அம்மாவை நிறுத்த முயன்றேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுப் போனார். நானும் போயிருப்பேன். மற்ற ஆசிரியர்கள் நடந்து போகும் பிள்ளைகளைக் கொண்டுவிடப் போயிருந்தார்கள், எழுத்தர் மட்டும்தான் இருந்தார். வராந்தாவில் அத்தனை சின்னப் பிள்ளைகள். ஒருவனைத் தொலைத்துவிட்டு மற்றவர்களை விட்டுப் போக முடியாது. அங்கேயே நின்றேன்.

நம் வேலையில் மிகக் கஷ்டமானது இந்த நிற்பதுதான். ஓடுகிறவர்களுக்குக் காலுக்கு வேலை இருக்கிறது. நிற்கிறவள் தலைக்குள் எல்லாம் நடக்கிறது. பலகை வழுக்குவது, சிறு கை ஒன்று வேரைப் பிடிப்பது, அந்த எச்சரிக்கைப் பலகையில் வரைந்திருக்கும் வாய் பிளந்த படம். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் எந்தக் கூப்பிடும் குரலும் கேட்காது. ஆனாலும் எனக்கு ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். முடித்ததும் மறுபடி எண்ணினேன். ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

பவித்ரா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷ வேலையில் எந்தப் பிள்ளையிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அலமாரியிலிருந்து பிஸ்கட் எடுத்து வந்து நீட்டினேன். அவள் வாங்கி, அழுதுகொண்டிருந்த சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மழைக்குள் ஆட்கள் வருவது தெரிந்தது. முன்னால் முருகையா. அவர் முதுகில் ஏதோ இருந்தது. அது தலையைத் தூக்குகிறதா இல்லையா என்று பார்ப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. தூக்கியது.

நடைப்பாலம் தண்ணீருக்கடியில் போயிருந்திருக்கிறது. சுமன் அதைப் பார்த்துப் பயந்து திரும்பியிருக்கிறான், வந்த வழியிலும் தண்ணீர் ஏறியிருந்திருக்கிறது. விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கத்தியிருக்கிறான். தண்ணீர் அவன் காலுக்கு ஒரு முழம் கீழே இருந்ததாக ராவ் சொன்னார். பி.டி. சார் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றைக் கட்டியிருக்கிறார், முருகையா போய் அவனை எடுத்திருக்கிறார். பாதத்தில் ஒரு கிழிசல், உடம்பெல்லாம் நடுக்கம், அவ்வளவுதான். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. தேடப் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே எனக்குச் சேதி வந்துவிட்டது, நான்தான் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கணக்கு எனக்கும் பவித்ராவுக்கும்தான் தெரியும்.

சுமனின் அம்மா அவனை ஒரு அடி அடித்தார், பிறகு புடவைக்குள் சுற்றிக்கொண்டார். போகும்போது என்னிடம் இந்தியில் மெதுவாகக் கேட்டார். நீங்கள் மொர்ஜாதா என்று எழுதியபோது, என் பையனின் மானத்தை இந்தப் பள்ளிக்கூடம் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் கை தூக்கினேன் மேடம், சின்னப் பையனுக்கு அது கிடையாதா என்று கேட்டார். மானமா என்று நான் கேட்டேன். ஆமாம், வேறென்ன என்றார்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வானிலை தெளிந்து பாலம் திறந்ததும் மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டேன். பிள்ளைகளும் வரட்டும் என்றேன். சுவரில் எழுதியிருப்பதற்கு உங்கள் வீட்டில் என்ன பொருள் என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றேன். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அப்போது கை தூக்கவைப்பதில் எனக்கு அவசரம்.

சுமனின் அம்மா மானம், கௌரவம் என்றார். ராவ், வீட்டுக்கு வந்தவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது என்றார். மலையாளி எழுத்தர், ஒழுங்கான நடத்தை, ஏமாற்றாமல் பழகுவது என்றார். பி.டி. சார் எழுந்தபோது குரல் உடைந்திருந்தது. எங்களுக்கு அது எல்லை, ஒவ்வொருவரும் அவரவர் எல்லையில் நின்றால் யாருக்கும் துன்பமில்லை என்று என் அப்பா சொல்லித் தந்தார், நான் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் முதலில் இறங்கியவர் அவர். நல்ல சொல்லை நல்ல எண்ணத்தோடு சொல்லியே ஒரு பையனைத் துரத்திவிட முடியும் என்பதை அன்று அவர் மூலமாகத்தான் நாங்கள் எல்லாரும் கற்றுக்கொண்டோம்.

நீங்கள் வேலைக்குப் போகிற இடத்திலும் இப்படி அழகான சொற்கள் சுவரில் இருக்கும். அவற்றை அழிக்கச் சொல்லவில்லை. அந்தச் சொல் உங்கள் வாயில் வரும்போது எதிரில் நிற்கிற பிள்ளையின் காதில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரை வாயடைக்க அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நான் அதைப் பயன்படுத்தியது அநேகமாக என் சௌகரியத்துக்காக. தமிழ்ப் பிள்ளைகளோடு தமிழில் பேசுவதால் அவர்களோடு எனக்குக் குழப்பமே இல்லை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைய கூட்டத்தில் கடைசியாக முருகையா எழுந்தபோது அந்த நினைப்பும் போனது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையனைத் தூக்கி வந்த மனிதர், அன்றைக்கு எல்லாரும் கும்பிட வேண்டிய மனிதர், குற்றவாளி போல நின்றார்.

"எங்களுக்கு என்னாங்க மேடம், தோட்டத்துல எங்க தாத்தா சொல்லுவாரு. தொர வந்தா ஓரமா நின்னு வாய மூடிக்கணும். கேட்டாத்தான் பேசணும். அதாங்க மரியாதை. எம் புள்ளைக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்துருக்கேன். அவ போயி நீங்க போன் பேசயில நடுவுல வந்துருக்கா. அது தப்புங்க, அந்தக் கல்தி எம் புள்ள மேலதாங்க. மன்னிச்சிருங்க மேடம்."

நான் அவளை வெளியே அனுப்பியபோது சொன்ன சொல் அவள் காதில் என்னவாக விழுந்தது என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. நான் பெரியவர்களிடம் பணிவாக நடந்துகொள் என்று சொன்னதாக நினைத்தேன். அவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அதற்கு வாயை மூடு என்று பொருள். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் பெஞ்சில் இருந்த பவித்ரா எழுந்தாள். முருகையா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார் என்று அழுத்தினார். அவள் உட்காரவில்லை.

"மேடம், மூணாவது தடவ நான் வரல. அது என் கல்தி," என்றாள். இந்த முறை என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "மொத ரெண்டு தடவ உங்க கல்தி."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பி.டி. சார் தரையைப் பார்த்தார். முருகையாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது.

"ஆமா பவித்ரா," என்றேன். "என் கல்திதான். என்னை மன்னிச்சிரு."

முருகையா என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டார்.